உங்கள் லைசென்ஸ் போர்டின் ஆயுள் முடியப் போகிறதா? டெக்சாஸில் அதை நீட்டிக்க வைப்பது எப்படி

டெக்சாஸில் லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு மேலே, அவர்களைக் கண்காணிக்க ஒரு போர்டு, அதாவது வாரியம், இருக்கும். டாக்டருக்கு மெடிக்கல் போர்டு, நர்ஸுக்கு நர்சிங் போர்டு, என்னைப் போன்ற கவுன்சிலர்களுக்கு, அதாவது மனநல ஆலோசகர்களுக்கு, எங்கள் போர்டு. பெரும்பாலான போர்டுகளுக்கு எந்தத் தேதியோடு ஆயுள் முடிகிறது என்பதும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்னால் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றி ஆயுளை நீட்டிக்க வேண்டும். நீட்டிக்காமல் விட்டால், ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடாமலேயே போர்டு கலைந்துவிடும். இதுதான் சன்செட் சட்டம். 1976-இல் கொலராடோ முதலில் கொண்டுவந்தது, 1977-இல் டெக்சாஸ். அப்புறம் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஒருமுறை தொடங்கிய அரசு அலுவலகம் தானாக மூடிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை 'நீ எதற்கு இருக்கிறாய்?' என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். நான் ஹூஸ்டன் பக்கம் கவுன்சிலராக வேலை செய்கிறேன். 2017-இல் எங்கள் போர்டு விளிம்பு வரை போய் வந்ததிலிருந்து, கடிதம் எழுதுவது, தலைநகர் ஆஸ்டின் போய்ப் பேசுவது, மற்றவர்களைப் பேசத் தயார் செய்வது என்று இதில் இறங்கி வேலை செய்து வருகிறேன். நம் ஆட்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எவ்வளவோ பேர். இந்த நடைமுறை தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தேதியைக் கண்டுபிடியுங்கள்

உங்கள் தொழிலுக்கான சட்டத்தைத் திறங்கள். கவுன்சிலர்களுக்கு ஆக்குபேஷன்ஸ் கோடு என்கிற தொழில்களுக்கான சட்டத் தொகுப்பில் 503-ஆம் அத்தியாயம், சோஷியல் வொர்க்கர்களுக்கு 505, நர்ஸுகளுக்கு 301, பிளம்பர்களுக்கு 1301. மாநிலச் சட்டங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 'சன்செட்' என்று தேடினால் ஒரு சின்னப் பிரிவு வரும். இந்த போர்டு கவர்ன்மென்ட் கோடு 325-ஆம் அத்தியாயத்துக்கு உட்பட்டது, அந்த அத்தியாயத்தின்படி தொடர வைக்காவிட்டால் இன்ன வருடம் செப்டம்பர் 1 அன்று கலைக்கப்படும் என்று இருக்கும். கவுன்சிலர்கள் போலச் சில தொழில்களுக்கு மேலே ஒரு பொது கவுன்சில் இருக்கிறது. அந்த கவுன்சிலின் அத்தியாயத்தையும் சேர்த்துப் பாருங்கள். தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

ஒரு போர்டின் தேதி 2029 செப்டம்பர் 1 என்று வைத்துக்கொள்வோம். போர்டு தன்னைத் தானே மதிப்பிட்டு எழுதும் அறிக்கையை 2027 செப்டம்பர் 1-க்குள், போர்டுகளை ஆராய்ந்து பரிந்துரை செய்கிற சன்செட் கமிஷனிடம் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு கமிஷனின் ஊழியர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து தங்கள் அறிக்கையை வெளியிடுவார்கள். அப்புறம் பொது விசாரணை (ஹியரிங்), கமிஷன் ஓட்டெடுப்பு. டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும்தான் வழக்கமாகக் கூடுகிறது. ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கி அதிகபட்சம் 140 நாள். ஆக மசோதாவுக்கு 2029 ஜனவரி முதல் மே கடைசி வரைதான் நேரம். பெரும்பாலோர் கண் விழிப்பது அந்தக் கடைசி மே மாதத்தில். அதற்குள் முக்கியமான முடிவுகள் எல்லாம் எடுத்தாகியிருக்கும்.

தேதி தாண்டிவிட்டால் மறுநாளே கதவைப் பூட்டமாட்டார்கள். கணக்கு முடிக்க இன்னொரு வருடம், அதாவது 2030 செப்டம்பர் 1 வரை அவகாசம் உண்டு. அந்த வருடத்தை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. போர்டைக் காப்பாற்ற வேண்டிய வழக்கமான கூட்டத்தொடர் அடுத்து வருவது 2031-இல்தான்.

யார் முடிவு செய்கிறார்கள்

கமிஷனில் பன்னிரண்டு பேர்: ஐந்து செனட்டர்கள், ஐந்து கீழவை உறுப்பினர்கள், பொதுமக்கள் சார்பில் இருவர். இவர்களில் யாராவது உங்கள் தொகுதி உறுப்பினரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் குரலுக்கு எடை அதிகம். நேரில் உறுப்பினரைப் பார்க்கத்தான் வேண்டும் என்றில்லை. அவருடைய அலுவலகத்தில் உங்கள் விஷயத்தைக் கவனிக்கிற உதவியாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர். அவர் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருவார், அதைப் படித்துவிட்டுத்தான் உறுப்பினர் அறைக்குள் வருவார். அந்த இளைஞருக்கு உங்கள் தொலைபேசி எண் தெரிந்திருப்பது பெரிய விஷயம்.

உறுப்பினர்களை விடவும் முன்னதாக நீங்கள் போக வேண்டியது கமிஷனின் ஊழியர்களிடம். இவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை, ஆராய்ச்சியாளர்கள். கேள்வி கேட்பார்கள், கோப்புகளைப் புரட்டுவார்கள், போர்டு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். அவர்கள் அறிக்கை வெளிவருவதற்கு முன் அவர்களிடம் நீங்கள் சொல்வது ரகசியமாக வைக்கப்படும். வந்த பிறகு அனுப்பும் கருத்துகள் இணையதளத்தில் உங்கள் பெயரோடு பொதுவில் போடப்படும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் குறைகளை மனம் விட்டுப் பேச ஏற்ற காலம் முதலாவது.

போர்டு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. மாநில அலுவலகங்கள் அரசுப் பணத்தைக் கொண்டு சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதை டெக்சாஸ் சட்டம் தடுக்கிறது. கேட்ட தகவலைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆகவே பேச வேண்டியவர்கள் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும், அந்த போர்டால் பாதுகாக்கப்படுகிற மக்களும்தான்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி கேட்கிற ஒன்று: "நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், சிட்டிசன் இல்லை, போய்ப் பேசலாமா?" தாராளமாகப் பேசலாம். விசாரணையில் பேசக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. சம்பளம் வாங்காமல் உங்கள் கருத்தைச் சொல்வதற்கு லாபியிஸ்ட்டாக, அதாவது சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவராக, பதிவு செய்யவும் வேண்டாம். தேர்தல் நன்கொடை மட்டும் வேறு விஷயம். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் மாநிலத் தேர்தலுக்குக்கூட பணம் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதில் ஒரு டாலர்கூட வேண்டாம்.

என்ன பேசுவது

இதுதான் சாரமான பகுதி. ஹியரிங்குகளில் நான் அதிகம் கேட்டது, அதிகம் வீணாகிப் போனது, இந்தப் பேச்சு: "எங்கள் தொழில் உயர்ந்தது, நாங்கள் இத்தனை வருடம் படித்தோம், தகுதியில்லாதவர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது." மேடையில் இருக்கிற உறுப்பினர்கள் இதை எல்லாத் தொழில்காரர்களிடமும் கேட்டு அலுத்தவர்கள். போட்டியைத் தடுக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும்.

அவர்கள் எதை அளக்க வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதைப் படித்துவிட்டுப் போங்கள். போர்டு திறமையாக நடக்கிறதா, புகார்களைச் சீக்கிரம் முடிக்கிறதா, வேறு அலுவலகம் செய்வதையே செய்கிறதா, விதிகள் போடும்போது மக்கள் கருத்தைக் கேட்கிறதா என்பவை பழைய அளவுகோல்கள். தொழில் லைசென்ஸ்களுக்கென்று 2013-இல் இன்னும் கூர்மையான கேள்விகளைச் சேர்த்தார்கள். இந்த லைசென்ஸ் பொதுமக்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா? இதைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில் அதே பலன் கிடைக்காதா? சந்தையோ, தனியார் சான்றிதழோ, வேறு சட்டங்களோ இந்த வேலையைச் செய்யாதா?

இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு தொழிலும் தன் பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் என் பதில் இது. சந்தை வேலை செய்ய வேண்டுமென்றால், மோசமான அனுபவம் பட்டவர் அதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும். ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் பெயர் போட்டு எழுதிவிடலாம். ஆனால் மனச்சோர்வுக்காகவோ, வீட்டில் நடக்கும் வன்முறைக்காகவோ ஒரு கவுன்சிலரிடம் போன பெண், அவர் தன் ரகசியத்தைக் கணவர் வீட்டாரிடம் சொல்லிவிட்டார் என்று ஊரறிய எழுத முடியுமா? எழுதினால் தான் எதற்குப் போனோம் என்பதும் சேர்ந்தே வெளியே வந்துவிடும். நம் சமூகத்தில் அதன் விலை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் சங்கம் சான்றிதழைப் பறிக்கலாம், மறுநாள் அவர் கடை திறப்பதைத் தடுக்க முடியாது. போலீஸிடம் போகலாம் என்றால், ரகசியத்தை உடைத்தது, எல்லை மீறிப் பழகியது போன்ற பல தவறுகள் குற்ற வழக்கு வரை போகவே போகாது. அந்தப் பெண் தன் பெயர் ஊருக்குத் தெரியாமல் புகார் கொடுத்து, அந்த நபர் அடுத்தவரைக் காயப்படுத்தாமல் தடுக்கக்கூடிய அதிகாரம் உள்ள இடம் போர்டு ஒன்றுதான்.

இந்தப் பதிலில் கவுன்சிலரின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை பாருங்கள். போர்டு நமக்காக இருப்பதில்லை. நம்மால் காயம்படக்கூடியவர்களுக்காக இருக்கிறது. அதை உண்மையாக நம்பிப் பேசுகிறவரைத்தான் உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன், பல் டாக்டர், கால்நடை டாக்டர் என்று யாரானாலும் இதே வழிதான். உங்கள் தொழிலில் தவறு நடந்தால் யாருக்கு, எப்படி, திருத்த முடியாத அளவுக்கு அடிபடும், அவர்கள் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஏன் வழியில்லை என்று யோசியுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், அந்த லைசென்ஸ் தேவைதானா என்று நீங்களே ஒருமுறை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எண்கள். போர்டின் தன்மதிப்பீட்டு அறிக்கை கமிஷன் இணையதளத்தில் கிடைக்கும். வருடத்துக்கு எத்தனை புகார், எத்தனை தீர்ந்தது, சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பதை அதில் தேடுங்கள். இல்லாததைப் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம். போர்டு லைசென்ஸ் கட்டணத்தில் தன் செலவைத் தானே ஈடுகட்டுகிறது என்றால் அந்தக் கணக்கையும் கையில் வைத்திருங்கள். வரிப்பணம் என்ற பேச்சு எப்படியும் வரும்.

குறைகளை மறைக்காதீர்கள். எங்கள் போர்டையும் பக்கத்துத் தொழில்களின் போர்டுகளையும் ஆராய்ந்தபோது, புகார்களை முடிப்பதில் ஆகிற தாமதத்தை ஊழியர்கள் பெரிய குறையாக எழுதினார்கள். அது உண்மை. அதை மறுத்துப் பேசியவர்களின் பேச்சு எடுபடவில்லை. 'ஆமாம், தாமதம் இருக்கிறது. இதைச் சரிசெய்ய இன்னது வேண்டும்' என்று சொன்னவர்களிடம்தான் உறுப்பினர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்கிறார்கள் என்றால் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஹியரிங் நாள்

ஊழியர் அறிக்கையை முழுவதும் படியுங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்குப் பக்கத்திலும் அது சட்டத்தை மாற்ற வேண்டியதா, நிர்வாகமே செய்துகொள்ள வேண்டியதா என்று குறித்திருப்பார்கள். சட்ட மாற்றம் தேவைப்படுவதற்குத்தான் மசோதா. உங்கள் பேச்சில் "முதல் பிரச்சினை, இரண்டாம் பரிந்துரை" என்று எண்ணைச் சொல்லிப் பேசினால் உதவியாளர்கள் அப்படியே குறித்துக்கொள்வார்கள்.

ஆஸ்டின் கேபிடல் கட்டடத்தில் கமிட்டி அறைகள் பல தரைக்கு அடியில் கட்டிய நீட்சியில் இருக்கின்றன. முதல் தடவை போகிறவர்களுக்கு வழி குழம்பும், முன்னதாகவே போய்விடுங்கள். பெயர் பதியும்போது ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று குறிக்க வேண்டியிருக்கும். பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், எவ்வளவு என்பதைத் தலைவர் அன்று சொல்வார். வரிசை நீளமாக இருந்தால் சாயங்காலம் வரை காத்திருக்க நேரும். சாப்பிட ஏதாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சை எழுதி, சத்தமாக வாசித்து, கடிகாரம் பார்த்துக் குறையுங்கள். பெயர், ஊர், தொழில், என்ன நிலைப்பாடு என்பது முதல் இரண்டு வரி. அடுத்து போர்டு இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு. பிறகு பரிந்துரை எண்ணும் உங்கள் கோரிக்கையும். உங்களுக்கு முன்னால் பேசியவர் அதையே சொல்லிவிட்டார் என்றால், அவரோடு ஒத்துப்போகிறேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, சொல்லாததை மட்டும் சொல்லுங்கள். எங்களைப் போன்ற தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று: கிளையண்ட்டின் கதையைப் பெயர் மாற்றிக்கூடச் சொல்ல வேண்டாம். சிறிய சமூகத்தில் ஊரையும் வயதையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவரே முன்வந்து பேச விரும்பினால் அது வேறு.

மசோதா கட்டம், இரண்டு மூன்று அனுபவங்கள்

2017-இல் நடந்ததைச் சொல்கிறேன். மெடிக்கல் போர்டு, சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், சோஷியல் வொர்க்கர், குடும்ப சிகிச்சையாளர் என்று ஐந்து போர்டுகளின் தேதி அந்த வருடம் முடிந்தது. தனித்தனி மசோதா தேறாவிட்டாலும் தேதியை மட்டும் தள்ளிப்போடுகிற பொது மசோதா ஒன்று இருந்தது. அதைப் பாதுகாப்பு வலை என்பார்கள். கீழவையில் மசோதாக்களை எடுத்துக்கொள்ளும் கடைசி நாளான மே 11 நள்ளிரவு அடித்தபோது அது இன்னும் வரிசையில் இருந்தது, செத்துப்போனது. மேலவையில் இருந்த அதே மாதிரியான மசோதாவை வேறு விவகாரங்களுக்குப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்ற சட்டத்துக்கும் சொத்து வரிக்கும் நடந்த சண்டையில் எங்கள் போர்டு மாட்டிக்கொண்டது. மாநிலத்தில் டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்க அலுவலகமே இல்லாமல் போகலாம் என்ற நிலை. கவர்னர் ஜூலை 18-இல் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார், முதலில் சன்செட், மற்றதெல்லாம் அப்புறம் என்றார். ஆகஸ்டில் ஐந்து போர்டுகளுக்கும் 2019 வரை ஆயுள் கிடைத்தது. அந்த 2019-இல்தான் ஹவுஸ் பில் 1501 வந்தது, மெடிக்கல் போர்டு தவிர்த்த எங்கள் நான்கு தொழில்களையும் ஒரே கவுன்சிலின் கீழ் கொண்டுவந்தது.

இதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது, மசோதா நல்லதா கெட்டதா என்பதோடு அது எந்தத் தேதியில் எந்த வரிசையில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைக் கொடுத்து வைத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் மின்னஞ்சல் வரும். ஏப்ரல் கடைசியிலும் கமிட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றால் அன்றே தொலைபேசியை எடுங்கள்.

பிளம்பர்களின் கதை வேறு விதம். 2019-இல் அவர்கள் போர்டைக் கலைத்து, வேலையை மாநிலத்தின் பொதுவான லைசென்ஸ் துறைக்கு மாற்ற வேண்டும் என்பது சன்செட் மசோதா. அது பிடிக்காததால் எதிர்ப்பு வலுத்து, மசோதா விழுந்தது. மசோதா விழுந்ததால் போர்டைத் தொடர வைக்கும் சட்டமும் இல்லை, பிளம்பிங் சட்டமே காலாவதியாகும் நிலை. ஹார்வி புயலுக்குப் பிறகான மறுகட்டுமானத்துக்கு பிளம்பர்கள் தேவை என்று கவர்னர் பேரிடர் அதிகாரத்தைக் கொண்டு ஜூன் மாதம் ஓர் ஆணை போட்டு போர்டை 2021 வரை இழுத்தார். அதன் பிறகு 2021-இல் சட்டமன்றம் போர்டைத் தொடர வைத்தது. எல்லா போர்டுக்கும் இப்படி ஒரு கை நீளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு பிரிவு பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிரிவுக்குத் திருத்தம் கொடுங்கள், மசோதாவைக் கவிழ்க்காதீர்கள்.

கலிபோர்னியாவிலும் ஒன்று நடந்தது, அங்கே இருக்கும் நம் நர்ஸுகள் பலருக்கு நினைவிருக்கும். நர்சிங் போர்டை நீட்டிக்கும் மசோதாவில் போர்டின் புலனாய்வாளர்களின் ஓய்வூதியச் சலுகை ஒன்றையும் ஏற்றியிருந்தார்கள். 2011-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் அதைக் காரணம் காட்டி மசோதா முழுவதையும் நிராகரித்தார். 2012 பிறந்தபோது போர்டு இல்லை. நுகர்வோர் துறையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அலுவலக வேலை ஓடியது. பிப்ரவரியில் புதுச் சட்டம் போட்டு மீட்டார்கள். நீட்டிப்பு மசோதாவில் சங்கத்தின் மற்ற ஆசைகளை ஏற்ற வேண்டாம். அவற்றுக்குத் தனி மசோதா போட்டுக்கொள்ளலாம்.

கையெழுத்துக்குப் பிறகு

இரண்டு அவைகளும் நிறைவேற்றினாலும் கவர்னருக்கு மறுப்பு அதிகாரம் உண்டு. கூட்டத்தொடர் முடிந்து இருபது நாள் வரை அவர் முடிவெடுக்கலாம், அதனால் ஜூன் நடு வரை கண் வைத்திருங்கள். உங்களுக்கு உதவிய உதவியாளருக்கும் மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினருக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். பரிசு, விருந்து எதுவும் வேண்டாம், கடிதம் போதும்.

கையெழுத்தான சட்டத்தில் புதிய தேதி என்ன என்று பாருங்கள். பன்னிரண்டு வருடம் என்பது உச்ச வரம்பு, அதைவிடக் குறைத்தும் கொடுப்பார்கள். 2017-இல் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே வருடம். போர்டு செய்ய வேண்டிய மாற்றங்கள் எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கும். அதற்கான விதிகளை போர்டு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கும்போது மறக்காமல் எழுதுங்கள். அங்கே ஓர் ஆளின் கடிதத்துக்கு இருக்கிற பலம் சட்டமன்றத்தில் நூறு பேருக்கும் கிடைக்காது.

போர்டு உறுப்பினர்களை நியமிப்பது கவர்னர். அவரது இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் இருக்கிறது. தொழில்காரர்களுக்கு மட்டுமில்லாமல் பொதுமக்கள் சார்பிலும் இடங்கள் உண்டு. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் நிதானமாகக் கேட்டு முடிவெடுக்கிற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் படிவத்தை அவருக்கு அனுப்புங்கள்.